கை தானாகப் போன இடம்

டெலிபோன் அலறியது.

எஸ்.ஐ. அமுதவல்லி ஒரு கையில் டீ கிளாஸோடு ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்… மொகத்துவாரத்துல, கோட்டைப் பாறைல ஒரு பொணம் மாட்டிக்கினு ஆடுது. சீக்கிரம் வாங்க. வத்தம் ஆரம்பிச்சு தண்ணி எறங்கினா கடல் இழுத்துக்கும்."

டீயை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கழிவெளி ஏரித் தண்ணீர் கடலோடு கலக்கும் இடம் அது. பழைய கோட்டைச் சுவர் இடிந்து விழுந்து, கடலுக்குள் உடைந்த பற்களைப் போலக் கிடந்தது. அந்தக் கற்களுக்கு நடுவே தண்ணீர் உள்ளே ஏறும்போதும் வெறி, வெளியே வற்றும்போதும் வெறி!

பைபர் போட்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

ஒருவன் மட்டும் போவான். பெலிக்ஸ்.

சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஒரு பிரெஞ்சுக்காரன், ஊருக்குத் திரும்பும்போது தன் கயாக்கை அவனிடம் விட்டுப் போனான். மஞ்சள் நிறத்தில் ஒற்றை ஆள் உட்காரும் பிளாஸ்டிக் படகு. அதில் பாறை இடுக்குகளில் புகுந்து, தூண்டில் போட்டு, முழங்கை நீளக் கொடுவா மீன்களாகப் பிடித்து வருவான்.

இன்று பாறை அவனைப் பிடித்து வைத்திருந்தது.

பின்மண்டை பிளந்திருந்தது.

ஏட்டு தட்சணாமூர்த்தி குனிந்து பார்த்தார். "பாறைல மோதியிருப்பானா மேடம்?"

"பின்னாடி ஒரே அடி. மத்த எடத்துல வெறும் சிராய்ப்பு. அதுலயும் ரத்தம் கட்டல, செத்தப்புறம் பட்டது. டவுசர் பாக்கெட்டைப் பாருங்க."

"ஒரு தூண்டி முள்ளு, ஒரு ஜெபமாலை. வேற ஒண்ணும் இல்ல."

பொழுது ஏறுவதற்குள் கயாக்கும் கிடைத்துவிட்டது. உப்பளக் கால்வாய்க் கரையில், உப்பு விளைவிக்கும் சிங்காரத்தின் பாத்திக்குப் பக்கத்தில். ஓரத்தில் ரத்தம்.

முந்தாநாள்தான் சிங்காரம் பெலிக்ஸைப் பார்த்து, 'உன்னை வெட்டிப் போடறேன்டா' என்று ஊரே கேட்கக் கத்தியிருந்தான்.

சிங்காரம் லாக்கப்பில் உட்கார்ந்தான்.

மறுபடி டெலிபோன். இன்ஸ்பெக்டர்.

"கால்வாய்ல அடிச்சிருக்கான். வத்தத்துல பாடி பாறைக்குப் போயிடுச்சு. இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? சாயந்தரம் ரிமாண்ட் பண்ணிடு."

ரிசீவரை வைத்த அமுதவல்லி கம்பிக்குப் பக்கத்தில் போனாள். உப்பு அரித்து வெடித்த பாதங்களை மடக்கிக்கொண்டு சிங்காரம் உட்கார்ந்திருந்தான்.

"கொன்னியா?"

"வாயால தான் மேடம் கொன்னேன். அதைத்தான் எல்லாரும் கேட்டாங்க."

"ஏன் கத்தின?"

"உப்பு பூக்கிற நேரம். அந்த பிளாஸ்டிக் போட்டை வரப்பு மேல இழுத்தான். வரப்பு ஒடைஞ்சு பாத்தி பூரா தண்ணி. அந்த எரிச்சல்ல சொன்னேன். யார் தான் சொல்லாம இருப்பாங்க?"

"போட் ஓட்டுவியா?"

"நீச்சலே தெரியாதுங்க. முட்டிக்கு மேல தண்ணி இருந்தா கும்பிட்டுட்டுத் திரும்பிடுவேன்." அவன் குரல் இறங்கியது. "வெளிய என் பொண்டாட்டி குப்பம்மா உக்காந்திருக்குது மேடம். மாசமா இருக்குது. என்னைக் கடலூர் ஜெயில்ல தள்ளிட்டா அதைப் பார்க்க நாதி இல்ல."

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

சாயங்காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம்தான்!

"பாறையைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்றாள் அமுதவல்லி.

கரையில் சுப்ராயனின் பைபர் போட் தயாராக நின்றது. ஓட்ட வந்தவன் அமிர்தராஜ். பெலிக்ஸுக்கு மச்சான், தங்கையைக் கொடுத்தவன். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"என் தங்கச்சி தாலியை அறுத்துட்டான் மேடம் அந்த உப்புக்காரன். அவனை விட்டுடாதீங்க."

"விட மாட்டேன். ஓட்டு."

வற்றும் தண்ணீர் படகைக் கடல் பக்கம் இழுத்தது. எஞ்சின் முக்கியது. பாறைக்கு வெகு முன்பே அமிர்தராஜ் வேகத்தைக் குறைத்தான்.

"இதுக்கு மேல போனா போட் சுக்குநூறு மேடம்."

"பெலிக்ஸ் மட்டும் எப்படிப் போனான்?"

"அது இத்துணூண்டு போட்டு. சத்தமே வராது. பாம்பு மாதிரி வந்து நிப்பான். பின்னாடி வந்து நின்னப்புறம் தான் வந்ததே தெரியும்."

"யாருக்குப் பின்னாடி?"

"ஆங்?"

"யார் பின்னாடி வந்து நின்னான்?"

"சும்மா… பேச்சுக்குச் சொன்னேன் மேடம்."

அமுதவல்லி பாறையைப் பார்த்தாள். இடுக்கில் சின்ன மீன்கள் கூட்டமாகச் செத்து, வயிறு வெளுத்து மிதந்தன. தூண்டிலில் சாகிற மீன் இப்படி மொத்தமாகச் சாகாது.

"கரைக்குத் திருப்பு" என்றாள்.

திரும்பினார்கள். படகு மணலைத் தொட்டது.

தொட்ட அந்தக் கணம்…

அமிர்தராஜ் குதித்தான். அவன் கை படகின் பின்பக்கம் போனது. அடியில் இருந்த துளையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் கார்க்கைப் பிடுங்கியது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கார்க் அவன் லுங்கி மடிப்புக்குள் போய்விட்டது. கண்கள் எங்கோ இருந்தன.

கரையில் நின்ற சுப்ராயன் சிரித்தான். "டேய், அது என் கார்க்குடா. குடு. உன் வீட்டு ஆணில தொங்க விடப்போறியா?"

அமிர்தராஜ் திடுக்கிட்டு இடுப்பைத் தடவி, எடுத்துக் கொடுத்தான்.

"அது என்ன பழக்கம்?" என்றாள் அமுதவல்லி.

சுப்ராயன்தான் பதில் சொன்னான். "கட்டுமரம் இருந்த வரைக்கும் இந்தத் தொல்லை இல்ல மேடம். சுனாமிக்கப்புறம் பைபர் போட் குடுத்தாங்க. கரை ஏத்தினதும் கார்க்கைப் புடுங்கணும், தண்ணி வடியணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா போட்டை எவனும் திருட முடியாது. நேரா பொண்டாட்டி கைல குடுத்துடுவோம். இவன் எவன் போட்டுல போனாலும் புடுங்கிடுவான். ரெண்டு தடவை என்னுதை இவன் வீட்ல போய் வாங்கியாந்தேன்."

அமுதவல்லி ஜீப்புக்கு ஏறக்குறைய ஓடினாள்.

ஸ்டேஷன் பின்பக்கம் கயாக் கிடந்தது. மண்டியிட்டு அதன் பின்முனையைத் தடவினாள்.

ஒரு சின்னத் துளை. திறந்திருந்தது!

"கார்க் எங்க ஏட்டய்யா?"

"எங்கனா விழுந்திருக்கும் மேடம்."

"தண்ணில விழுந்திருந்தா போட் முழுகியிருக்கும். இது கால்வாய்க் கரை வரைக்கும் வந்திருக்கு. கரை ஏத்தினப்புறம் தான் எவனோ புடுங்கியிருக்கான்."

"பெலிக்ஸே புடுங்கியிருக்கலாமே?"

"அப்ப அவன் பாக்கெட்ல இருக்கணும். இல்ல. சிங்காரத்துக்கு இதுல ஓட்டை இருக்கறதே தெரியாது."

ஏட்டு தலையைச் சொறிந்தார். "பைபர் போட் வெச்சிருக்கறவன் ஊர் பூரா இருக்கான் மேடம்."

"அடுத்தவன் கார்க்கையும் புடுங்கறவன் ஒருத்தன் தான் இருக்கான்."

அமிர்தராஜ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். சாவு வீட்டுக்கென்று உறவுக்காரர்கள் ஆக்கிய சோறு. போலீஸைப் பார்த்ததும் எழப் போனான்.

"உக்காரு. இன்னொரு தடவை பாறைக்குப் போகணும். இந்தத் தடவை உன் போட்டை எடு."

"இதோ மேடம்." சோற்றுக் கையோடு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "இன்னாசி… அந்தக் கார்க்கை எடுத்துட்டு வா."

உள்ளே இருந்து அவன் மனைவி இன்னாசிமேரியின் குரல் வந்தது.

"எதுங்க? விடியக்காலைல ரெண்டு குடுத்தீங்களே. கறுப்பா, அந்தச் சின்ன மஞ்சளா?"

அமிர்தராஜின் கை சோற்றிலேயே நின்றது.

இரண்டையும் இரண்டு கையில் ஏந்தியபடி இன்னாசிமேரி வெளியே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். எஸ்.ஐ.யைப் பார்த்தாள். கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தாள்.

"நான் இதைக் குடுத்தேனா…" அமிர்தராஜ் அந்த மஞ்சள் கார்க்கையே பார்த்தான். "எப்பக் குடுத்தேன்? எனக்கே தெரியல மேடம்."

"மீன் புடிக்கப் பாறைல வெடி போட்டியா?"

அமிர்தராஜ் சோற்றுக் கையை லுங்கியில் துடைத்தான்.

"போட்டுட்டுத் திரும்பினேன். பின்னாடி நிக்கறான். 'மச்சான், சர்ச் சாமியார்கிட்ட சொல்லிடுவேன்'னான். சொன்னா, கட்டுப்பாட்டை மீறி வெடி போட்டேன்னு ஊரே என்னைத் தள்ளி வெச்சிடும். எஞ்சின் இரும்பு கைல இருந்துச்சு… தங்கச்சி முகம் ஞாபகத்துக்கு வரதுக்குள்ள அடிச்சிட்டேன்."

"அப்புறம் சிங்காரம் சண்டை உனக்கு ஞாபகம் வந்துச்சு. போட்டைக் கட்டி இழுத்துட்டுப் போய் அவன் பாத்தி ஓரம் ஏத்திட்ட."

அவன் தலை தொங்கியது. தெருக்கோடியில், சாவு வீட்டில், அவன் தங்கை புதிதாக ஒரு முறை அலறினாள். அண்ணனைப் பற்றி அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது, சிங்காரம் குப்பம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் படியிறங்கிப் போனான். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லாக்கப்பில் அவன் எழுந்த இடத்தின் சூடு ஆறுவதற்குள் அமிர்தராஜ் அங்கே உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் யோசிச்சுத் தான் மேடம் செஞ்சேன். இந்தக் கை தான் என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு."

தட்சணாமூர்த்தி கதவைச் சாத்தி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"பாவம், ரொம்ப உழைச்ச கை. ரெஸ்ட் குடு. இங்க தொறக்கறது, மூடறது எல்லாம் எங்க வேலை."