இருநூற்றுப் பதினான்காம் வயலின் காற்று

காலை ஐந்தரை மணிக்கு, அடுப்பில் பால் பொங்கும் முன்பே, சொர்ணகனியின் காதுக்குள் வானறிவி பேசிவிடும். கடுகளவுக் கருவி. நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவர் காதிலும் ஒன்று உண்டு. அவரவர் வயலுக்கு அவரவர் வானிலை. அன்றும் வழக்கம்போல், "சர்வே எண் இருநூற்றுப் பதினான்கு. காற்று மிதமாக இருக்கும். வாழைக்கு முட்டுக் கொடுக்கத் தேவையில்லை" என்றது.

தனக்கு வந்த செய்தியைப் பிறரிடம் சொன்னால் கருவி நிறுத்தப்படும். மலையடிவாரத்தில் காற்று வயலுக்கு வயல் மாறும், அடுத்தவர் செய்தி உன்னைக் கெடுக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூலாங்கரையில் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை.

அவள் தோட்டத்துக்குப் போனபோது பக்கத்துத் தோட்டத்தில் வாடகைக்கு எடுத்த முட்டு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தவசிமுத்து அதை மரம் மரமாக நகர்த்திக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு அவசரமா முட்டுக் குடுக்கீய?"

"சும்மாதான்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "குலை கனம்லா."

காய் இன்னும் பாதிகூட முற்றவில்லை. அதில் என்ன கனம் என்று நினைத்தபடி அவள் தண்ணீர் பாய்ச்சப் போனாள்.

மூன்று மணிக்கு மேற்கிலிருந்து காற்று இறங்கியது. கால் மணி நேரம்தான். ஓய்ந்தபோது அவளுடைய நானூறு வாழைகளும் கிழக்கே பார்த்துப் படுத்திருந்தன. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூடச் சாயவில்லை. தவசிமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல் வாடகைக் கம்புகளையெல்லாம் பிடுங்கி ஏற்றி, எந்திரத்தை ஓட்டிக்கொண்டு வெளியேறினார்.

வானிலை ஆபீசில் யாரையோ பிடித்து இந்த ஆள் சரியான செய்தியாக வாங்கிக்கொள்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். மறுநாளே வானிலை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே இருந்த அதிகாரி நசீமாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. புகாரைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அவர் யாரையும் பிடிக்கலக்கா. உங்க கருவியிலயும் பழுது இல்ல. நேர்ல வந்து கேக்கிறவங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு விதி, அதனால சொல்றேன். காத்து வரும்னு எங்களுக்கு முந்தின நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்குச் சொல்லல?"

"மூவாயிரம் தோட்டத்துக்கு அறுபது எந்திரம்தான் இருக்கு. ஒருகாலத்துல எல்லாருக்கும் நெசத்தத்தான் சொன்னாங்க. ஒரே நாள்ல எந்திரத்துக்கு அடிதடி, ஏழு பேரு செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் முறை வச்சாச்சு. எந்திரம் எத்தனை பேருக்கு எட்டுமோ அத்தனை பேருக்கு நெசம். மத்தவங்களுக்கு அமைதிச் செய்தி." நசீமா திரையைப் பார்த்தாள். "போன மூணு காத்துக்கும் உங்களுக்கு நெசத்தத்தான் சொல்லியிருக்கோம்."

 அந்த மூன்று முறையும் தன் கெட்டிக்காரத்தனத்தால்தான் சொர்ணகனியின் மரங்கள் தப்பின என்றுதான் நினைத்திருந்தாள். போன வருடம் தெற்குத் தோட்டத்து அருள்மணி வந்து, எதற்கு முட்டு என்று கேட்டபோது இவளும் 'சும்மாதான்' என்றுதான் சொல்லியிருந்தாள். அருள்மணியின் மரங்கள் விழுந்தபோது, சோம்பேறி என்று மனசுக்குள் திட்டியதும் நினைவுக்கு வந்தது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் வானறிவி சொன்னது: "நாளை பிற்பகல் பலத்த காற்று. முட்டுக் கொடுக்கவும்." அவள் தோட்டத்தில் அப்போது முழங்கால் உயரக் கன்றுகள்தான் நின்றன. முட்டுக்கு அவசியமே இல்லை. நேராகத் தவசிமுத்து வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நாளைக்குக் காத்து இருக்கு. எல்லாருக்கும் நெசம் சொல்லுததில்ல, முறை வச்சுத்தான் சொல்லுதாவ. ஆபீஸ்லயே ஒத்துக்கிட்டாவ."

"எனக்கு அப்படி ஒண்ணும்..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபீசுக்குப் போயிட்டு வந்தவல்லா நீ. என் வாயப் புடுங்கிட்டு வரச் சொல்லி அனுப்புனாவளா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி."

"போ, போயி உன் சோலியப் பாரு." கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் விடிந்ததும் தன்னிடம் கிடந்த சவுக்குக் கம்புகளைச் சுமந்துகொண்டு வரப்பைத் தாண்டினாள். எந்திரம் இல்லாமல் கையால் ஊன்றினாள். உச்சிப்பொழுதுக்குள் நாற்பத்து மூன்று மரங்கள்தான் முடிந்தன, உள்ளங்கை பிய்ந்துபோனது. தவசிமுத்து வந்து தூரத்திலேயே நின்றார். போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். அவளைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

காற்று வந்தது. நாற்பத்து மூன்றும் நின்றன. மற்றவையெல்லாம் விழுந்தன.

அதற்கடுத்த நாள் காலை ஐந்தரைக்குச் சொர்ணகனியின் காதில் எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தவசிமுத்து வாசலில் வந்து நின்றார்.

"நாந்தான் உன்மேல புகார் சொன்னேன்."

"தெரியும்."

அவர் செருப்பு முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார், "என்னோடது இன்னிக்குக் காத்து இல்லங்குது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்த செய்தி நெசமா என்பது இருவருக்குமே தெரியவில்லை.

"இன்னும் நாலு பேருகிட்டக் கேட்டாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

கீழத்தெருவின் முதல் வீட்டைத் தட்டினார்கள். இன்றைக்கு உங்கள் வானறிவி என்ன சொன்னது என்று சொர்ணகனி வெளியே நின்றபடியே கேட்டாள். வெகுநேரம் கழித்துக் கதவு கால்வாசி திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"எதுக்குக் கேக்கிய?"