ஊர்ச் செய்தி எட்டும் தூரம்

ஏவிஸ் டோர்விக் வீட்டின் பின்கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பி ஒன்பது நாளும் ஏழு மணி நேரமும் ஆகியிருந்தன. அரிசோனா பாலைவனத்தில், மாலை ஐந்து மணிக்கு, கேரவனுக்குள் தக்காளி சூப்பை ஆற வைத்துவிட்டு அவள் டிவியைப் போட்டபோது, வானிலைப் படத்தில் ஒரு பெரிய ஏரி தெரிந்தது.

இங்கே ஏரி கிடையாது.

வானிலை சொல்பவன் டெல் ஆஸ்ட்ராண்டர். இடது கையைக் குவித்து, படத்தின் மேல் ஏதோ பூனைக்குட்டியைத் தடவுவதுபோல நகர்த்துவான். இருபது வருடமாக அவளுக்குத் தெரிந்த கை அது. "ஸ்டென்வால்ல இன்னிக்கு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ இருபத்திரண்டு. தனியா இருக்கற வயசானவங்களை ஒரு எட்டு போய்ப் பாத்துக்குங்க" என்றான். திரையின் மூலையில் மணி ஆறு. அவள் கைக்கடிகாரத்தில் ஐந்து. திரையில் இருந்தது அவள் ஊர் ஸ்டென்வாலின், மினசோட்டா மாநிலத்தின் நேரம்.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். அடுத்த சேனல், அதற்கடுத்தது. நான்கும் ஊர்ச் சேனல்கள். நேற்று இரவு வரை அந்த இடங்களில் பக்கத்து நகரமான யூமாவின் செய்தி வந்துகொண்டிருந்தது: லெட்யூஸ் வயல்கள், எல்லைப் பாலத்தில் நிற்கும் லாரிகள், பெரிய தொப்பி போட்ட கார் வியாபாரி.

கேரவனில் சுற்றுகிற எல்லோருக்கும் அந்த விதி தெரியும். சினிமா, சமையல், விளையாட்டு எல்லாம் நாட்டில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் டிஷ்ஷில் வரும். ஊர்ச் செய்தி சொல்லும் பெரிய சேனல்கள் மட்டும் அப்படி வராது. செயற்கைக்கோள் அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து, உயரத்திலிருந்து டார்ச் அடிப்பதுபோல ஒவ்வொன்றையும் ஒரு வட்டத்துக்குள் இறக்குகிறது. வட்டத்தைத் தாண்டினால் திரை கறுப்பு. புது இடத்துக்குப் போனதும் டிஷ் நிறுவனத்துக்குப் போன் போட்டு, இப்போது இந்த விலாசத்தில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்துச் சேனல்களைத் திறந்துவிடுவார்கள். இங்கே வந்த அன்றே அவள் சொல்லியிருந்தாள்.

இந்த விதியால்தான் இந்த கேரவன் பதினோரு வருடம் வீட்டு முற்றத்தில் நின்றது. கணவன் லைல்தான் வாங்கினான். கூரையில் டிஷ்ஷும் வைத்தான். முதல் குளிர்காலம் வந்தபோது, "அங்கல்லாம் நம்ம ஊர் நியூஸ் வராது" என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அங்கேதான். அவன் நாற்காலி, அவன் டிவி, கைக்கெட்டும் தூரத்தில் சூடேற்றும் குழாய், அதைத் தட்ட ஒரு ஸ்பானர். ஒரு தட்டு என்றால் காபி. இரண்டு தட்டு சாப்பாடு. மூன்று தட்டினால் அவள் இறங்கிப் போக வேண்டும்.

இங்கே யாரும் எதையும் தட்டவில்லை. எழுந்த நேரத்துக்கு அவள் காபி குடித்தாள். அறுபத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை முழுதாக உட்கார்ந்து பார்த்தாள். இது நீடிக்க ஒன்றுதான் தேவை: ஸ்டென்வாலில் அந்த வீட்டுக்கு யாரும் போய்விடக் கூடாது. லைல் நன்றாக இருக்கிறான், கிறிஸ்துமஸ் முடிந்து விமானத்தில் வருகிறான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டும்.

கூரையில் டிஷ்ஷின் மோட்டார் முனகியது. நின்றது. எதையோ தேடிக் கண்டுபிடித்ததுபோல இரண்டு சொடுக்கு. மறுபடி முனகல்.

கதவு தட்டப்பட்டபோது அவள் கையிலிருந்த கரண்டி சூப்பில் விழுந்தது.

பக்கத்து கேரவன் ராய்ஸ் கெட்டில். டெலிபோன் கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேரவன்கள் நிற்கும் இந்த மைதானத்தில் யாருக்கு டிஷ் படம் வராவிட்டாலும் அவர்தான் சிக்னல் மீட்டரோடு போவார்.

"ஏவிஸ், உங்க கூரையில யாரோ அரை மணி நேரமா காபிக்கொட்டை அரைக்கறாங்க. எனக்கும் ஒரு கப் கிடைக்குமா?"

அவள் திரையை மறைத்து நின்றாள். தாமதம். அவர் பார்த்துவிட்டார்.

"இது எந்த ஊரு?"

"எங்க ஊரு."

"வராதே."

"வருது."

"வராதுங்கறேன்." அவர் மீட்டரை மாட்டினார். எண்ணைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "தொண்ணூத்தெட்டு. இந்த மைதானத்துல எவனுக்கும் எழுபத்தஞ்சைத் தாண்டினதில்ல. என் பொண்டாட்டி என்னையே கூரையில நிக்க வச்சுப் பாத்தா, அப்பவும் எழுபத்திரண்டுதான்."

வெளியே படியருகே மணலில் அவர் குதிகாலால் ஒரு வட்டம் போட்டார். "உங்க ஊர் வெளிச்சம் இவ்வளவுதான். நாம ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி இருக்கோம். ஒண்ணு வெளிச்சம் நகரணும், இல்ல நீங்க நகரணும். வெளிச்சம் நகராது." சிரித்தார். "லைலுக்கு ஒரு போனைப் போட்டுக் கேளுங்க, அங்க படம் எப்படி இருக்குன்னு."

"வீட்டுப் போனை நிறுத்தி வச்சிருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ராய்ஸ் மீட்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவர் அங்கதானே இருக்காரு?"

அவள் படியில் ஒட்டியிருந்த மணலைக் காலால் தள்ளினாள்.

"குழாய்த் தண்ணியை வடிச்சிட்டு வந்ததா என் வீட்டுக்காரிகிட்ட சொன்னீங்களாம். ஹீட்டரையும் அணைச்சாச்சுன்னு. அவ வந்து என்னைத் திட்டினா, பாரு, ஏவிஸ் எவ்வளவு ஒழுங்கா வீட்டை மூடிட்டு வந்திருக்கான்னு." அவர் குரலில் கேலிதான் இருந்தது. "அந்தக் குளிர்ல மனுஷன் எப்படிக் குளிக்கறாரு?"

"லைல் அவன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கான்."

"ஓ" என்றார் ராய்ஸ். காபியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. தன் கேரவனுக்குப் போகும் வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்தப் பட்டியல் இருக்கும். குழாய்களை வடிக்க வேண்டும். எண்ணெய் ஹீட்டரை அணைக்க வேண்டும். போனை, செய்தித்தாளை, தபாலை நிறுத்த வேண்டும். பதினோரு வருடமாக மற்றவர்கள் சொல்லக் கேட்டு அவள் எழுதி வைத்திருந்த பட்டியல். அன்று காலை ஒவ்வொன்றையும் முடித்து, பென்சிலால் கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது.

அவள் டிஷ் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தன் பெயர் கொரின் என்றாள். ரகசியச் சொல் கேட்டாள். ஏவிஸ் சொன்னாள்: மஸ்கி. லைல் சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர். கணக்கு லைல் பேரில்தான்.

"விலாசம் மாறியிருக்கு மேடம். இப்ப வீட்டு விலாசம்தான் இருக்கு."

"யார் மாத்தினது?"

"கணக்கு அவர் பேர்லதானே, அவரேதான். இன்னிக்குக் காலைல ஆறு பத்துக்கு. வீட்டு நம்பர்லேர்ந்து."

சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. அதில் கேரவனின் விளக்கு சிறிதாகத் தெரிந்தது. கீழ்த்தளத்தில் போன் கிடையாது. சமையலறையில் இருப்பது ஒன்றுதான், அதுவும் ஒன்பது நாளாக இணைப்பு இல்லாதது.

"அந்தச் சொல்லை அவர் சொன்னாரா?"

"சொன்னாரு மேடம். ரொம்ப மெதுவா. பல்லு கிட்டித்துப் போன மாதிரி. நான்தான் எடுத்தேன், அதனால ஞாபகம் இருக்கு." கொரின் தயங்கினாள். "எங்கேயோ ஆழத்துலேர்ந்து பேசற மாதிரி இருந்துச்சு. நடுநடுவுல இரும்புல இரும்பு தட்டற சத்தம். நாங்க எங்கயும் போகலை, ரெண்டு பேரும் வீட்லதான் இருக்கோம்னாரு."

"ரெண்டு பேரும்."

"ஆமா. மேடம், நீங்க அரிசோனாவுலேர்ந்தா பேசறீங்க? அங்க அந்தச் சேனல் வர வாய்ப்பே இல்ல. உங்க டிவியோட டிஷ் பெட்டி எங்க இருக்குன்னு எனக்கு இங்க தெரியும்." விசைப்பலகை தட்டும் ஒலி. "பெட்டி வீட்லதான் இருக்கு மேடம்."

ஏவிஸ் போனை வைத்தாள்.

வாசனை முதலில் வந்தது. ஈரச் சிமெண்ட், எண்ணெய் ஹீட்டரின் பழைய புகை, கம்பளிப் பெட்டியில் போடும் பூச்சி உருண்டை, இவற்றுக்கெல்லாம் அடியில் லைலின் தலையணை உறையின் புளித்த வாடை. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரச் சுவர்கள் வழக்கமாக இந்த நேரத்தில் டிக் டிக் என்று சுருங்கும். இப்போது அவை வேறு விதமாக முறிந்தன, மரம் குளிரில் பிளப்பதுபோல, வீட்டுக் கூரை ஜனவரியில் முறிவதுபோல. அவள் சுவரில் கை வைத்தாள். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

திரையில் ஒரு நிருபர் தெருவில் நின்று குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து வெள்ளை ஆவி. அவள் பின்னால் பனி மூடிய தபால் பெட்டி. அதில் பாதி உதிர்ந்த எழுத்துகள்: டோர்வி. அதற்குப் பின்னால் முற்றம். முற்றத்தில் பதினோரு வருடம் ஒரு கேரவன் நின்ற இடத்தில் வெறும் நீள்சதுரம்.

அதற்குப் பின்னால் வீடு. எல்லா ஜன்னலும் இருட்டு. தரையோடு ஒட்டிய கீழ்த்தளத்தின் சின்ன ஜன்னலில் மட்டும் நீல வெளிச்சம். டிவி வெளிச்சம். அசைந்தது.

மின்சாரத்தையும் அவள்தான் நிறுத்தினாள்.

ரிமோட்டை அழுத்தினாள். திரை அணைந்தது. நிருபரின் குரல் நிற்கவில்லை. டெல் ஆஸ்ட்ராண்டரின் குரல் அதன் மேல் ஏறியது. இருபத்திரண்டு. பூஜ்யத்துக்குக் கீழே. ஒரு எட்டு போய்ப் பாருங்க. ஒரு எட்டு போய்ப் பாருங்க.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

அமைதி.

கூரையில் மோட்டார் நின்றது. சொடுக்கு. சொடுக்கு. கண்டுபிடித்துவிட்டது.

பிறகு காலடியில், தரைப் பலகைக்குக் கீழே, ஒரு தட்டு.

அவள் மூச்சை அடக்கினாள். கேரவனுக்குக் கீழே இருந்தவை அச்சு, தண்ணீர்த் தொட்டி, மணல். வேறொன்றுமில்லை.

இரண்டு தட்டு. இரும்பின் மேல் இரும்பு. அவசரமில்லாமல். பதினோரு குளிர்காலத்தின் அதே இடைவெளி.

இரண்டு கால்களும் தாமாக எழுந்தன. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. சத்தம் கேட்டதும் கால்கள் எழுந்துவிட்டன. கை அலமாரியில் தட்டைத் தேடியது. அவள் கையை இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். விரல்களில் உணர்வில்லை.

கதவு. கதவைத் திறக்க வேண்டும். கைப்பிடி உறைந்திருந்தது. தோளால் இடித்தாள்.

மூன்று.

திறந்தது.

வெளியே பாலைவனம் இருந்தது. ராய்ஸின் கேரவனில் மஞ்சள் பல்புச் சரம், தூரத்தில் யாரோ மூட்டிய நெருப்பு, மலைக்கு மேல் கடைசிச் சிவப்பு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் அவளுடைய படிக்குக் கீழே மணல் இல்லை. பனி. முழங்கால் உயரத்துக்கு, கேரவனைச் சுற்றிலும், பிசிறில்லாத வட்டமாக. வட்டத்துக்குள் மட்டும் காற்று அடித்தது. துகள்கள் பறந்தன. ராய்ஸ் குதிகாலால் போட்ட கோடு அதன் அடியில் எங்கோ புதைந்திருந்தது.

ராய்ஸ் வட்டத்தின் விளிம்பில், வெறும் மணலில், சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றார். செருப்பின் நுனி பனியைத் தொடவில்லை. கையில் இருந்த மீட்டர் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஏவிஸ்" என்றார். மிகவும் தாழ்ந்த குரல். "அங்கயே நில்லுங்க. இல்ல, வந்துடுங்க. எனக்குத் தெரியல."

அவள் படியில் நின்றாள். பனியில் கால் வைக்க முடியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

ராய்ஸுக்கும் கேட்டது. அவர் பார்வை சக்கரங்களுக்கு நடுவே போனது. அங்கிருந்து பனியின் மேல் பரவிய அந்த நீல வெளிச்சம் அவர் முகத்தில் அசைவதை அவள் கண்டாள்.

"கீழே யாரு தட்டறது?"

தம்பி வீடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆவிதான் வந்தது.

"ஏவிஸ். லைல் எங்க?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"கீழ்த்தளத்துப் படியில விழுந்துட்டான்" என்றாள். "இடுப்பு உடைஞ்சுபோச்சு. நான் குழாயை வடிச்சேன். ஹீட்டரை அணைச்சேன்." குரல் தெளிவாக இருந்தது, பட்டியல் வாசிப்பதுபோல. "கதவைப் பூட்டறப்பவும் அவன் தட்டிட்டேதான் இருந்தான்."