படத்தில் ஆள் இல்லை!

"ஐயோ... நேசையனைக் கொன்னுட்டான்!"

கோவளம். விளக்கேற்றும் நேரம்.

கடல்முத்து லாட்ஜின் மாடி வராந்தாவில் நின்று அலறியவர், அதன் முதலாளிகளில் ஒருவரான அழகியநம்பி.

அறைக்குள் இன்னொரு முதலாளி நேசையன். கழுத்தில் நைலான் கயிறு... உயிர் இல்லை!

"பிரஜின்தான் சார்!" இன்ஸ்பெக்டர் லிங்கராஜிடம் அழகியநம்பி நடுங்கினார். "சூரியன் முங்குற நேரம்... இந்த வராந்தாவுல நின்னேன். அவன் ரூமை விட்டு ஓடினதை ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

லாட்ஜில் எடுபிடி வேலை செய்யும் பிரஜின், விலங்கோடு ஜீப்பில் ஏறினான்.

*

மறுவாரம்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கும் மாடி ஆபீஸ். கடற்கரை ஹோட்டல்களுக்கு வெப்சைட் செய்து தருபவன் மஹேஷ்.

எதிரே பிரஜினின் மனைவி பொன்செல்வி. அழுது வீங்கிய முகம்.

"சாரே, அன்னைக்கு சாயங்காலம் எங்க லாட்ஜ் மொட்டை மாடியில நின்னு கடலை போட்டோ பிடிச்சியளாம். அந்நேரம் எங்க வீட்டுக்காரவிய மணல்ல நின்னு, குளிக்கக் கூடாதுன்னு நட்ட சிவப்புக் கொடியைப் பிடுங்கிட்டு நின்னாவளாம். அந்தப் படம் மட்டும் தந்தியள்னா... அவியளை விட்டிருவாவ!"

மஹேஷின் முகம் வெளுத்தது.

படத்தில் ஓர் ஆள் இருந்தான். உண்மை! முதுகு காட்டி, கையில் கொடிக் கம்போடு.

ஆனால்...

ஹோட்டல் விளம்பரத்தில் வேலைக்காரன் தெரியக்கூடாது. ஆபத்துக் கொடி தெரியவே கூடாது. தொழில் அப்படி!

"அவரை... அழிச்சுட்டேம்மா."

"அழிச்சியளா?"

"கம்ப்யூட்டர்ல. ஆளையும் கொடியையும் எடுத்துட்டு, பழைய படத்து மேலேயே சேவ் பண்ணிட்டேன். கேமராவிலும் இல்லை."

"அதான் போலீஸ்காரவிய சிரிச்சாவளா? 'உங்க லாட்ஜ் வெப்சைட்டையே பார்த்தாச்சு... கடற்கரை காலியாக் கெடக்கு'ன்னு."

ஒரு மனிதனை மஹேஷின் கை தூக்குமேடை வரை தள்ளியிருக்கிறது. அதுவும்... படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக!

"திரும்ப வரைஞ்சு வச்சுடட்டுமா? பத்து நிமிஷ வேலை..."

பொன்செல்வி மறுப்பாய்த் தலையாட்டினாள்.

"வேண்டாம் சாரே. பொய்யைச் சேர்த்தா, அவிய சொன்ன நெசமும் பொய்யாப் போவும். ஆண்டவன் விட்ட வழி."

எழுந்தாள். தள்ளாடினாள்.

"இரிக்கு சேச்சி, உட்காருங்க!" ஆபீஸில் டிசைன் செய்யும் பிரேமா ஓடி வந்து தாங்கினாள். "ஒண்ணும் சாப்பிடலை அல்லே?"

தன் டிபன் பாக்ஸைப் பிரித்து, முழுவதையும் அவள் முன் வைத்தாள்.

"சாப்பிடுங்க. உங்க வீட்டுக்காரர் நின்ன இடத்தையாவது பெருசாக்கிக் காட்டறேன்."

அதனால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் இரக்கம் கணக்குப் பார்ப்பதில்லை.

பிரேமா படத்தைப் பெரிதாக்கினாள். பாதி முங்கிய சூரியன்... காலி மணல்... இன்னும் பெரிதாக்கினாள்.

"மஹேஷ் சாரே!" கத்தினாள். "இது எந்தா?"

மணலில் கறுப்பாய், நீளமாய்... கம்பு பிடித்த ஒரு மனிதனின் நிழல்!

ஆளை அழித்தவன், நிழலை மறந்திருந்தான்!

*

போலீஸ் ஸ்டேஷன்.

விசாரணைக்கு வந்திருந்த அழகியநம்பி ஓரமாய் அமர்ந்திருக்க, லிங்கராஜ் அச்செடுத்த படத்தை உற்றுப் பார்த்தார்.

"ஆளை அழிச்சது நான்தான் சார்," என்றான் மஹேஷ். "எங்க வேணும்னாலும் சொல்றேன்."

"நிழலுக்கு மூஞ்சி உண்டோ சாரே?" என்றார் லிங்கராஜ். "இது யாருன்னு கோர்ட் கேக்குமே."

"தினமும் கொடி பிடுங்குறது அவியதான்..." பொன்செல்வி கெஞ்சினாள்.

அழகியநம்பி சிரித்தார்.

"பாவம், ஏங்க இவளுக்கு ஆசை காட்டுறீங்க? அது பிரஜின் இல்லை சார். நான்!"

"நீங்களா?"

"அன்னிக்கு அவனைக் காணோம். நானே இறங்கிப் போய் கொடியைப் பிடுங்கினேன்."

பொன்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசி நூலும் அறுந்தது...

"உறுதியாச் சொல்றீங்களா?"

"சத்தியமா சார்!"

"சூரியன் பாதி முங்கின இந்த நேரத்துல, மணல்ல நின்னது நீங்க?"

"நானேதான்!"

"ரைட்டர், எழுதிக்கோ." லிங்கராஜ் மெல்ல எழுந்தார். "அப்போ... அதே நேரத்துல மாடி வராந்தாவுல நின்னு, பிரஜின் ஓடினதைப் பார்த்தது யாரு சாரே?"

அழகியநம்பி வாசல் பக்கம் நழுவப் பார்த்தார்.

லாட்ஜை விற்கச் சம்மதிக்காத கூட்டாளியைத் தானே முடித்ததை, விடிவதற்குள் ஒப்புக்கொண்டார்.

காலையில் பிரஜின் வெளியே வந்தான். ஸ்டேஷனில் வாங்கிய அடியில் வலது கை தொங்கிப் போயிருந்தது. இனி கொடிக் கம்பைத் தூக்குமோ, தெரியாது. மஹேஷ் அவன் முன் தலைகுனிந்து நின்றான். பொன்செல்வி கொண்டுவந்திருந்த கஞ்சியைக் கணவனுக்கு ஊட்டினாள். மிச்சத்தை மஹேஷிடம் நீட்டினாள்.

உள்ளே லாக்கப் கதவு பூட்டப்பட்டது.

கம்பிக்குள் நின்ற அழகியநம்பியைப் பார்த்து லிங்கராஜ் உதடு சுழித்தார்.

"ஒரே ஆளை ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிறுத்தணும்னா, அதுக்கும் மஹேஷ் சார்கிட்ட ஆர்டர் கொடுத்திருக்கணும் சாரே!"