மறைவில் இருக்கிறார்

போன் அலறியது.

தலையணைக்குள் புதைந்திருந்த முகத்தை அவள் சிரமப்பட்டு நிமிர்த்தினாள். காய்ச்சல். நாக்கில் ஒரே கசப்பு. ஜன்னலில் சாயங்கால வெயில்.

எதிர்முனையில் கணவன்.

"உடனே ஆபீஸுக்கு வா... நம்ம சோடா செத்துட்டான்!"

தடிமனான கண்ணாடி போட்டதால் அவனுக்கு சோடாபுட்டி என்று பெயர். சுருக்கமாக சோடா. மூன்று பேராகத்தான் அந்த ஆப்பை உருவாக்கினார்கள். புரோகிராம் அவள். திரைகளை வரைவது கணவன். சர்வரைக் கவனிப்பது சோடா.

இரண்டாவது மாடி ஆபீஸ். மாடிப்படியின் அடியில் சோடா குப்புறக் கிடந்தான். கண்ணாடி நாலு படி மேலே... போன் அவன் மார்புக்கடியில் நொறுங்கி...

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

ஆபீஸுக்குள் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். கக்கத்தில் ஹெல்மெட்.

"புரோகிராம் எழுதுறது நீங்கதானா?"

"ஆமா சார்."

"'கூடவே'தானே உங்க ஆப்? நான் நடக்கிறேனா, வண்டி ஓட்டுறேனா, எங்கே இருக்கேன்னு ஊருக்கே தண்டோரா போடுமே! நீங்க வெள்ளோட்டம் விட்டப்பவே என் சம்சாரம் என் போன்ல போட வெச்சுட்டா."

"ஊருக்கு இல்ல சார். நீங்க சேர்த்துக்கிட்ட ஆளுங்களுக்கு மட்டும்."

"சரி. மதியம் இவரை யாரோ மாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்காங்க. அப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"வீட்ல. காய்ச்சல். தூங்கிட்டேன்."

"யார் பார்த்தா?"

அவள் கணவனைப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தவன். போர்வையை இழுத்து மூடிவிட்டவன்.

"நான் காலையிலேயே கிளம்பிட்டேன் சார்," என்றான் கணவன். "ஒரு ஆளைப் பார்க்க டவுனுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன். இவ வீட்லதான் இருந்தாளான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"என்னங்க... சாப்பிட்டதும் மாத்திரை கொடுத்தீங்களே?"

"காய்ச்சல்ல உளர்றா சார்."



"சொல்லக் கூடாதுன்னுதான் பார்த்தேன்..." கணவன் தன் போனை நீட்டினான். "இவளுக்கும் சோடாவுக்கும் ஒரு வாரமா ஆகலை. நீங்களே பாருங்க."

திரையில் அவள் படம். பக்கத்தில், மதிய நேரத்துக்கு நேராக...

ஆபீஸ். மாடி ஏறுகிறார்.

அதற்குக் கீழே...

ஓடுகிறார்!

"ஐயோ, பொய்! நான் படுக்கையை விட்டே எழுந்திரிக்கலை!"

"உங்க ஆப் பொய் சொல்லுமாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்லாது. அவள் எழுதியது. அது அவளுக்கே தெரியும். அப்படியென்றால் போன் வந்திருக்கிறது... அவள் வரவில்லை.

நேற்று சோடா போனில் கிசுகிசுத்திருந்தான். "அக்கா, யார் எங்கே இருக்காங்கங்கிறதை நம்மள்ல ஒருத்தர் வெளியாளுக்கு விக்கிறாங்க... நேர்ல சொல்றேன்."

அதை அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாள்.

படுக்கையில்... கணவனிடம்.

"கிளம்பும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். வாசலில் நின்ற பெண் போலீஸ் நிமிர்ந்தாள்.

"ஒரு நிமிஷம் சார். அவர் மதியம் எங்கே இருந்தார்னு பார்த்தீங்களா?"

கணவன் சிரித்தான். "காலையிலேயே 'மறை' பட்டனை அமுக்கிட்டேன்டி. முக்கியமான ஆளைப் பார்க்கப் போறப்ப எதுக்குத் தொல்லைன்னு."

அவன் போனில் அவன் படத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில்... மறைவில் இருக்கிறார்.

"அது அவர் போன்ல. என் போன்ல பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். புருவம் ஏறியது. வாய்விட்டுப் படித்தார்.

"கணவர். வீடு... ஆபீஸ், மாடி ஏறுகிறார்... ஓடுகிறார்... மறுபடி வீடு!"

"எப்படி?" கணவனின் குரல் கிறீச்சிட்டது. "மறைச்சேனே!"

"பட்டனை நீ வரைஞ்சே."

கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக அவனை 'நீ' என்றாள்.

"அழகா வரைஞ்சே. அமுக்கினா உன் திரையில மட்டும் 'மறைவில்'னு எழுத்து வரும். அவ்வளவுதான். அதுக்குப் பின்னாடி புரோகிராம் நான் இன்னும் எழுதவே இல்ல!"

"ஆச்சுன்னு சொன்னியேடி! எத்தனை தடவை கேட்டேன்!"

"நச்சரிப்பு தாங்காம சொன்னேன். புரோகிராம் எழுதுறவ 'ஆச்சு'ன்னா, அமுக்கிப் பார்த்துட்டுத்தான் நம்பணும்."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் வந்தீங்களா?"

"காலடியைப் பாருங்க சார். அவர் போன்லயும் என் போன்லயும் ஒரே அசைவு, ஒரு எட்டுகூட முன்னே பின்னே இல்ல. ரெண்டு பேர் மாடி ஏறினா கால் இப்படி ஒண்ணா விழுமா? ஒரே ஆள்... பாக்கெட்ல ரெண்டு போன்!"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"காய்ச்சலுக்குன்னு கொடுத்தியே... அது என்ன மாத்திரை?"

அவன் வாசலைப் பார்த்தான். பாய்ந்தான்!

பெண் போலீஸ் காலை நீட்டினாள். அவன் தரையை முத்தமிட்டான். விலங்கு 'கிளிக்' என்றது.

அவனை இழுத்துப் போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த போனில் அவன் வரி மட்டும் மாறியது.

மாடி இறங்குகிறார்.

'நீக்கு' என்பதை அமுக்கினாள். அந்தப் பட்டன் வேலை செய்தது.

இன்ஸ்பெக்டர் மட்டும் நகரவில்லை. நெற்றியில் வியர்வை.

"ஏம்மா... அந்த மறை பட்டன்... எல்லார் போன்லயும் இப்படித்தானா?"

"ஆமா சார். வெள்ளோட்டம்தானே. ஏன்?"

"இல்ல... ட்யூட்டின்னு சொல்லிட்டு சாயங்காலமானா கிளப்புல சீட்டாடப் போவேன். ஒரு நாள் தவறாம அந்தப் பட்டனை அமுக்கிட்டுத்தான்..."

அவர் பாக்கெட்டில் போன் அலறியது. சம்சாரம்!

அவள் மேஜையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குள்ளே போனதும் இதைக் கழட்டிடாதீங்க சார்!"