சஹனில் வாப்பாவின் பக்கம்

சிதம்பரம் போகும் பஸ்ஸில் எல்லாரும் நௌஷீனையே பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? அவள் மடியில் இருந்த தட்டு அவளைவிட அகலமாக இருந்தது.

"கல்யாண வீட்டுக்கா போற, பாப்பா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்ல மாமா, தராசு வாங்கப் போறோம்."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் இருந்த வாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரங்கிப்பேட்டையில் அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. துபாயிலிருந்து வாப்பா எப்போது வருவார், சஹனில் எப்போது ஒன்றாக உட்காரலாம் என்று நௌஷீனும் தம்பி உபைதுல்லாவும் ஆசையாகக் காத்திருந்தார்கள்.

வாப்பா வந்தார். கூடவே சர்க்கரை நோயும் வந்தது. ஒரு வேளைக்கு நூற்றைம்பது கிராம் சோறுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உம்மா கரண்டியால் அளந்து போட்டுப் பார்த்தார். ஆனால் உம்மாவின் கரண்டிக்குப் பாசம் ஜாஸ்தி. சர்க்கரை இறங்கவே இல்லை.

பொதுத் தட்டில் தன் பங்கு எவ்வளவு என்று தெரியாதே என்று, அதன் பிறகு வாப்பா சஹன் பக்கமே வருவதில்லை. சின்னத் தட்டில் கொஞ்சம் சோற்றைப் போட்டுக்கொண்டு சமையலறையில் தனியாகச் சாப்பிட்டார். அதைப் பார்த்தால் நௌஷீனுக்குச் சோறே இறங்காது. சஹனையே தூக்கி வைத்து நிறுக்கிற மாதிரி ஒரு தராசு கிடைத்துவிட்டால் போதும், வாப்பா திரும்பி வந்துவிடுவார் என்று நம்பினாள். அதனால்தான் சஹனும் பஸ் ஏறியது.

சிதம்பரத்தில் பாத்திரக் கடைக்காரர் கொளஞ்சி தட்டின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். பிறகு முள் வைத்த தராசு ஒன்றை எடுத்துவந்தார். சஹனை வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அடுத்தது கண்ணாடித் தராசு. சஹன் நன்றாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் எண் தெரியவில்லை. நௌஷீன் மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள். தட்டு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டது.

"இதப் பாரு, வெல கொஞ்சம் ஜாஸ்தி. எவ்ளோ எடைன்னு செல்போன்லயே காட்டும்," என்று இன்னொன்றை நீட்டினார் கொளஞ்சி.

"சோத்துக் கையோட செல்போனத் தொட்டா உம்மா ஏசுவாங்க மாமா."

கொளஞ்சி சிரித்துவிட்டார். "அப்ப அரிசி மண்டில மூட்டை நிறுக்கிற தராசுதாம்மா இதுக்கு சரி."

"விடும்மா," என்றார் வாப்பா. "நா தனித் தட்டுலயே சாப்புட்டுக்குறேன்."

நௌஷீனுக்கு அழுகை வந்தது. அழாமல் இருக்கச் சஹனின் விளிம்பை விரலால் தடவினாள். இது உம்மாவின் இடம். இது உபை இடம். இது அவளுடையது. இது வாப்பாவுடையது. போன தடவை வாப்பா லீவில் வந்திருந்தபோது, உபை அவள் பக்கம் இருந்த மீன் துண்டுக்குக் கையை நீட்டினான். வாப்பா அவன் கையைத் தட்டி, "உன் பக்கத்துல இருக்கறத எடு" என்றார். சஹனில் உட்காரும் எந்தப் பிள்ளைக்கும் அதுதான் முதல் பாடம்.

விரல் அப்படியே நின்றது.

"மாமா, கிண்ணத்தோட ஒரு தராசு இருக்கா? கிண்ணத்தோட எடைய விட்டுட்டு சோத்த மட்டும் காட்டணும்."

"இருக்கே. காலிக் கிண்ணத்த வச்சு இந்தப் பட்டன அமுக்கு. பூஜ்யம் ஆயிடும்."

நௌஷீன் அமுக்கினாள். பிறகு கடையில் இருந்த அரைக்கிலோ எடைக்கல்லைக் கிண்ணத்தில் வைத்தாள். ஐந்நூறு என்று பளிச்சென்று காட்டியது. கொளஞ்சி இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டார்.

"அப்ப சஹன நிறுக்க வேணாமா?" என்று கேட்டார் வாப்பா.

"வேணாம் வாப்பா. உங்க பக்கத்த நிறுத்தா போதும்."

வெள்ளிக்கிழமை உம்மா சோறு வடித்தார். நௌஷீன் கிண்ணத்தில் நூற்றைம்பது கிராம் நிறுத்தாள். ஒரு பருக்கைகூட அதிகமாக விழ விடவில்லை. அதைச் சஹனில் வாப்பாவின் பக்கம் கவிழ்த்தாள். சுற்றி வெள்ளரித் துண்டுகளால் வேலி கட்டினாள். மற்றவர்களின் சோறும், அதில் ஊற்றிக்கொள்ள மீன் ஆணமும் பிறகு வந்தன.

வாப்பா நின்றபடியே சஹனைப் பார்த்தார்.

"உக்காருங்க வாப்பா. எனக்குப் பசிக்குது," என்றான் உபை.

வாப்பா உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியது. உம்மா பார்க்காத மாதிரி மீனில் முள் எடுத்தார்.

பேச்சும் சிரிப்புமாகச் சாப்பாடு நடந்தது. துபாய்க் கதை சொல்லிக்கொண்டே இருந்த வாப்பாவின் கை மெல்ல வேலியைத் தாண்டி உம்மாவின் சோற்றுப் பக்கம் போனது.

டப்பென்று ஒரு அடி விழுந்தது.

"உங்க பக்கத்துல இருக்கறத எடுங்க வாப்பா," என்றான் உபை.

வாப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "சரிங்க மொதலாளி," என்று கையை இழுத்துக்கொண்டு, வேலியிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தார்.

நௌஷீன் அந்த இடத்தில் இன்னொரு துண்டை வைத்து வேலியை அடைத்தாள்.