ஏச்சுப் பதிந்த உருளை

"கையை எடுங்கோ."

கௌரி சொன்னதும் அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். வெளியே கொழும்பு மருதானையே கரைந்துவிடும் போல மழை. பழைய சாமான் கடைக்குள் தூசியும் மரவாசனையும்... நடுவே, பழுப்பு மெழுகு உருளை ஒன்றை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தபடி ஒரு நெடியவன். நனைந்த இமைகள். அந்தக் கண்கள் மட்டும் இவ்வளவு பெரிதாக இல்லாதிருந்தால் அவள் இன்னும் நன்றாக ஏசியிருப்பாள்.

"உந்த உருளையை வெளியாலை பிடிக்கக் கூடாது. கைச்சூட்டுக்கு மெழுகு பழுதாகும். இரண்டு விரலை உள்ளுக்கை விட்டு விரிச்சுத் தூக்க வேணும்."

"தெரியும்... ஈரக்கை, நழுவப் பாத்தது," என்றான்.

பெயர் மிதுஷன். கொட்டாஞ்சேனையில் பல் வைத்தியன். பழைய போனோகிராப் என்றால் சோறு தண்ணி மறக்கிறவன். கௌரிக்கும் அதே பைத்தியம்தான். கொள்ளுப்பிட்டியில் வங்கி வேலை, வெள்ளவத்தை வீட்டில் கட்டிலுக்கு அடியெல்லாம் பெட்டிகள்.

அன்று கடைக்காரர் ஸஹாப்தீன் நானாவிடம் ஓர் அபூர்வமான போனோகிராப் பெட்டி வந்திருந்தது. இசைத்தட்டுப் போடும் கிராமபோன் அல்ல, அதற்கும் மூத்தது. மெழுகு உருளையைப் பாட வைக்கும். ஊசித் தலையை மாற்றிப் பூட்டினால், குழலுக்கு முன்னால் பேசுகிறவர் குரலை உருளையில் பதியும். கௌரி முந்திக்கொண்டு பெட்டியை வாங்கிவிட்டாள். அவள் போனில் கதைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கூட வந்த ஒரேயொரு உருளையை அவன் வாங்கிவிட்டான். ஆரோ ஒரு பெண் தன் வீட்டில் பாடிப் பதிந்த தாலாட்டாம்.

"உருளையைத் தாங்கோ."

"பெட்டியைத் தாங்கோ."

நானா சிரித்தார். "ரெண்டு பேரும் மொறைச்சிக்கிட்டு நிண்டா ஆருக்கும் பாட்டு இல்ல மகள். இங்கயே ஒருக்கா போட்டுக் கேளுங்களே."

பெட்டியில் ஊசித் தலைகள் இரண்டு இருந்தன. கௌரி ஒன்றை எடுத்துப் பூட்டினாள்.

"அது பதியிற தலை போல கிடக்கு," என்றான் மிதுஷன் மெல்ல.

"வருசக்கணக்கா சேக்கிறன். எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

உருளை சுழன்றது. குழலில் சத்தமே இல்லை. "எல்லாம் உங்கட கைச்சூட்டாலை..." என்று குழலுக்கு முன்னால் நின்று ஏசத் தொடங்கியவள் லேசில் நிறுத்தவில்லை. மெழுகு சுருள் சுருளாக உதிர்வதைக் கண்ட பிறகுதான் வாய் அடைத்தது. தாலாட்டை வழித்துவிட்டு, தலை அவளுடைய ஏச்சைப் பதிந்திருந்தது.

எப்போதோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் பாடியது. உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. அதைத் தானே அழித்துவிட்டாள்... கௌரிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை. "பெட்டியையும் நீங்களே வைச்சிருங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

அந்தக் கிழமை முழுக்க வங்கியில் தொட்டதெல்லாம் பிழையாகிப் போனது. பாட்டுப் போன துக்கம் ஒரு பக்கம். ஒரு வார்த்தைகூடத் திருப்பி ஏசாத அந்த முகம் மறுபக்கம்...

ஞாயிறு காலை வீட்டு வாசலில் ஓர் ஓட்டோ. பெட்டியை அணைத்தபடி மிதுஷன். நானாவிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறான். "இன்னொரு பெட்டியோ," என்று பெருமூச்சு விட்டுவிட்டு அம்மா தேத்தண்ணி போடப் போனாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் கௌரி. இந்த முறை வீம்பு வரவில்லை. "நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேணும். அந்தப் பாட்டு என்னாலைதான் போச்சு."

"ஓம், போச்சுது. எனக்கும் கவலைதான்." பொய் சொல்லத் தெரியாதவன்.

"உருளையைச் சீவினால் திரும்பவும் வெறுமையாகும். நல்லதா ஏதும் பதியலாம். சீவிவிடுங்கோ... என்ரை வெக்கக்கேடு அதிலை கிடக்கு."

"மாட்டன்."

"ஏன்?"

அவன் காது சிவந்தது. "ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வந்து போட்டுக் கேக்கிறன். கேக்கக் கேக்க மெழுகு தேயும் எண்டு தெரியும்... கேக்காமல் இருக்க ஏலாமல் கிடக்கு. அது தேஞ்சு முடியிறதுக்குள்ளை உங்களைக் காண வேணும் எண்டுதான் வந்தனான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கௌரி."

குசினியில் கேத்தல் கொதித்தது. கௌரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"ஏச்சுக் கேக்க இவ்வளவு ஆசையோ?"

"ஓம்."

"அப்ப அந்த உருளையைப் பத்திரமா மூடி வையுங்கோ..." அவள் நிமிர்ந்து அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. இனி நானே பக்கத்திலை இருந்து ஏசுறன்."