குளிருக்குத் தாங்கும் பேட்டரி

"எட்டு பேட்டரி வேணும். பனியில மரத்துல கட்டி வைக்கிற கேமராவுக்கு."

கடைக்காரர் சாதாரணப் பெட்டியை ஒதுக்கிவிட்டு மேல்தட்டில் கைவிட்டார். "உறைபனிக்கு அதெல்லாம் ஒரு வாரம்கூட ஓடாதும்மா. லித்தியம் எடுத்துக்கோங்க. குளிர்காலம் முழுக்கத் தாங்கும்."

"போன தடவை சாதாரணம்தான் வாங்கினேன்" என்றாள்.

வனவிலங்குக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் பேட்டரி வாங்குவது அவள் வேலை. காட்டுக்குள் போய் மாற்றுவது அவள் கணவனின் வேலை. அவள் வாங்கியவை ஐந்தே நாளில் படுத்துவிட்டன. கொட்டும் பனியில் மறுபடி மாற்றப் போனவனை, மூன்றாம் நாள் ஓடைப் பள்ளத்திலிருந்து பிணமாகத் தூக்கி வந்தார்கள். நாற்பது நாளாகிறது. அவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மதியம் கொழுந்தன் ஜீப் ஓட்டி வந்தான். வண்டியைப் பாதையில் நிறுத்திவிட்டு இருவரும் முழங்கால் பனியில் நடந்தார்கள். காற்று இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. ஈரப் பட்டையின் வாசனை மட்டும்.

கேமராவின் மூடியைத் திறந்து, செத்துப்போன பேட்டரிகளைக் கழற்றினான் கொழுந்தன். கை அப்படியே நின்றது.

"அண்ணி... தொட்டுப் பாருங்க."

சூடாக இருந்தன.

சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல.

அவள் கேமராவின் நினைவு அட்டையை உருவி, தன் செல்போனில் செருகிப் படங்களைத் தள்ளினாள். பேட்டரி தீர்ந்த பிறகும் நாளுக்கொரு படம். மான் இல்லை, நரி இல்லை. ஒவ்வொன்றிலும் கண்ணாடியை மறைத்தபடி யாரோ விட்ட மூச்சின் ஆவி.

கடைசிப் படம், அன்றையது. எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"போயிடலாம் அண்ணி" என்று கிசுகிசுத்தான்.

அவள் புதியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன. பயப்படக்கூட உள்ளே எதுவும் மிச்சமில்லை. மூடியை அழுத்திவிட்டு, வெற்று மரங்களைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"இது தாங்குமாம். இனிமே நீங்க இங்க வரவேணாம்."

இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

ஜீப்பில் முன்னால் ஏறி உட்கார்ந்தார்கள். கொழுந்தன் சாவியைத் திருகினான்.

பின்கதவு திறந்து, மூடியது.

பின் இருக்கை மெதுவாக அமுங்கி முனகியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வண்டிய எடுப்பா" என்றாள்.